ஏர் பாக்ஸில் ஒன்பது ஓட்டை

ஓட்டை போடுவதுதான் என் தொழில். ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்திக் கொடுக்கிறேன். புடவையின் பார்டரில் மயில் வேண்டுமா, யாளி வேண்டுமா, முந்தியில் கோபுரம் வேண்டுமா, எல்லாம் முதலில் என் மெஷினில் ஓட்டையாக விழுந்து, பிறகுதான் தறியில் ஜரிகையாக ஏறும். ஓட்டை இருக்கும் இடத்தில் நூல் எழும்பும். இல்லாத இடத்தில் படுத்துக் கிடக்கும். ஒரே ஒரு ஓட்டை தப்பினால் மயிலுக்குக் கண் போய்விடும். பிள்ளையார்பாளையத்தில் என் அட்டை தப்பாது என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைத் தலையில் ஏற்றிக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் இது. எழுதவே அசிங்கமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

எனக்கு வண்டிப் பைத்தியம். சொந்தமாக இருப்பது என்னவோ அட்டைக் கட்டு ஏற்றும் ஒரு கிழட்டு மொபெட்தான். ஆனால் குத்திய அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோர்க்கும் வேலை இருக்கிறதே, அதில் கைக்கு மட்டும்தான் வேலை. கண்ணும் காதும் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு வண்டி வீடியோக்களாகப் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததுதான் ஏர் பாக்ஸ் சமாச்சாரம்.

பைக் சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். வெளிக்காற்று அதன் ஒரு பக்கம் நுழைந்து, நடுவில் இருக்கும் ஃபில்டரில் தூசியை விட்டுவிட்டு, மறுபக்கம் சுத்தமாக வெளியேறி இன்ஜினுக்குப் போகும். கம்பெனிக்காரன் சத்தம் வரக்கூடாது என்பதற்காக டப்பாவின் வாயைச் சின்னதாக வைத்து அனுப்புகிறான், தூசிப் பக்கத்தில் நாலு ஓட்டை போட்டால் இன்ஜின் நெஞ்சு நிறைய மூச்சு விடும், வண்டி பறக்கும் என்று வீடியோவில் ஒருவர் அடித்துச் சொன்னார். போட்டும் காட்டினார். வண்டி உறுமிய உறுமலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வீடியோவைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். ஓட்டை என்றால் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள் என்று ஒரு நினைப்பு வேறு. கை அரித்துக்கொண்டே இருந்தது.

அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறார். தினமும் ஐயம்பேட்டை, வாலாஜாபாத் வழியாகப் பைக்கில் போய் வருவார். அந்தப் பைக்கை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் துடைக்கும் அழகைப் பார்த்து, "என்னை ஒரு நாளு இப்டி கவனிச்சிருப்பாரா இந்த மனுசன்" என்று அக்கா நொடிப்பாள். புரட்டாசியில் குடும்பத்தோடு திருப்பதிக்குப் புறப்பட்டபோது மாமா சாவியை என் கையில் கொடுத்தார்.

"மச்சான், நாங்க வர்றதுக்குள்ள வண்டிய உன் ஃப்ரெண்டு கைல சர்வீஸுக்கு வுட்டு எடுத்து வெச்சுடுபா. வேற எவனும் அதுல கை வெக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

ஃப்ரெண்டு என்று அவர் சொன்னது எங்கள் தெருமுனையில் மெக்கானிக் கடை வைத்திருந்தவனை. ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்து இடம். அவன் அப்பா தறி நெய்கிறார், அவர் தறிக்கு நான்தான் அட்டை. இவனுக்குத் தறியில் மனசு ஒட்டவில்லை, ஸ்பேனர் பிடித்தான். ஒற்றை ஆளாகக் கடை நடத்தினான். வண்டிக்காரரைக் கேட்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றமாட்டான். கழற்றிய பழைய சாமானைப் பேப்பரில் மடித்து, "பாத்துக்கோங்க, இதுதான் போயிருந்துச்சு" என்று கையில் கொடுத்துவிடுவான். கேட்காமல் கை வைக்கமாட்டான் என்கிற அந்தப் பேரை நம்பித்தான் எங்கள் தெருவே அவனிடம் வண்டி விட்டது. அவனுக்குக் கடை என்று இருந்ததே அந்தப் பேர்தான்.

சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கப் போனபோது நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"டேய், ஏர் பாக்ஸ்ல நாலு ஓட்டை போட்டுக் குடேன். வண்டி பிச்சுகினு போவும்."

"வண்டி உன்னுதா?"

"மாமாவுதுதான். அவரு இன்னா சொல்லப்போறாரு?"

"அப்ப அவரையே கேட்டுகினு வா. லாரி ஓடுற ரோட்டுல போற வண்டிடா. தூசி போச்சுன்னா இன்ஜினு அவ்ளோதான். வேணாம் வுடு."

"வீடியோல எல்லாம் போட்றாங்களேடா."

"வீடியோக்காரன் ஐயம்பேட்டை ரோட்டுலயா ஓட்றான்?"

கடையில் இருந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துவிடும், கை மட்டும் வேலை செய்யும். பெரிய இவன், ஓட்டை போடுவதைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறான் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே வண்டியை நேராக என் வேலை அறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். அன்று மத்தியானமே சீட்டைக் கழற்றிவிட்டேன்.

இந்த இடத்தில் என் தொழில் என்னைக் கவிழ்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். நான் அட்டை கொடுக்கும் தறிகளில் புடவையின் நல்ல முகம் கீழே பார்த்திருக்கும். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது முதுகுப் பக்கம்தான். அதனால் படத்தில் இடது பக்கம் இருப்பதை நான் வலது பக்கமாக எடுத்துக்கொண்டு குத்த வேண்டும். இருபது வருடமாக இதே வேலை என்பதால், எது முன்னால் வந்தாலும் மனசு தானாகவே அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும்.

டப்பா வண்டியில் இருந்தபோது தூசிப் பக்கம் இடது கைப்பக்கம் இருந்தது. கழற்றி, டிரில் போட வாகாக இருக்கட்டும் என்று பலகைமேல் குப்புறக் கவிழ்த்தேன். கவிழ்த்ததும் தூசிப் பக்கம் வலதுக்கு வந்துவிட்டது. அதோடு நின்றிருக்க வேண்டும். நானோ அட்டை வேலை ஞாபகத்தில் மனசுக்குள் இன்னொரு தடவை திருப்பிக்கொண்டேன். இரண்டு தடவை திருப்பினால் பழையபடி இடதுக்குத்தானே வரும்? இப்போது இடதில் இருந்தது ஃபில்டரைத் தாண்டிய சுத்தப் பக்கம். இன்ஜினுக்கு நேராகப் போகிற பக்கம். மூடியைத் திறந்து ஃபில்டர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. சோம்பலால் அல்ல, திமிரால். என் கைக்குத் தெரியாத ஓட்டையா?

வெறுமனே நாலு ஓட்டை போடவும் மனசு வரவில்லை. நடுவில் ஒன்று, சுற்றி எட்டு என்று அளவெடுத்துப் புள்ளி வைத்து மயில்கண்ணாகப் போட்டேன். எங்கள் பார்டர்களில் வருமே, அதே மயில்கண். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். டப்பாவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒன்பது ஓட்டையிலும் வெளிச்சம் வருவதைப் பார்த்து ரசித்தேன். இன்றைக்கு நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

மாட்டி ஸ்டார்ட் பண்ணியபோது வண்டியின் குரலே மாறியிருந்தது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கனத்த உறுமல். கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகிச் சரிசெய்துகொண்டேன். வேகம் கூடியதா, சத்தம் கூடியதால் வேகம் கூடியது போலத் தோன்றியதா, எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது அது பறந்தது.

திருப்பதியிலிருந்து வந்த மாமா மறுநாள் வேலைக்குப் போய்விட்டு வந்ததும் வராததுமாக என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், வண்டி சும்மா சிங்கம் மாதிரி இழுக்குதுபா! இன்னா கைடா உன் ஃப்ரெண்டுக்கு! அவன் கை வெச்சா தனி."

எனக்கு வயிறு எரிந்தது. வேலை செய்தது நான், பேர் அவனுக்கா? "அது வந்து மாமா" என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, "அதுக்குத்தான் வேற எவனும் என் வண்டில கை வெக்கக்கூடாதுன்றது" என்று முடித்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நாள் நன்றாக ஓடட்டும், நல்ல மூடில் இருக்கும்போது சொல்லி அசத்தலாம் என்று நினைத்தேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோடு நனைந்தே கிடந்தது. வண்டியும் ஓடியது. தை பிறந்து வெயில் ஏறியதும் வாலாஜாபாத் ரோட்டில் லாரிகள் கிளப்பும் தூசி எழும்ப ஆரம்பித்தது. வண்டி வெள்ளையாகப் புகை கக்கியது, ஆயில் குடித்தது. மாமா ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நைட் ஷிப்டு முடிந்து வரும்போது ஐயம்பேட்டைக்குப் பக்கத்தில் இன்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. எனக்குத்தான் போன் பண்ணினார். நான் ஒரு குட்டி யானை லோடு வண்டி பிடித்துக்கொண்டு போய் வண்டியை ஏற்றினேன். வழியெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. இருக்காது, நான் தூசிப் பக்கம்தானே போட்டேன் என்று அதை அமுக்கினேன்.

ஃப்ரெண்டு கடை முன்னால் வண்டியை இறக்கும்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தறிக்காரர்களும் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தார்கள், எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள். மாமா இறங்கிய வேகத்தில் போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார்.

"இன்னா ஆயிலுடா ஊத்துன? இன்னா பண்ணி வெச்ச என் வண்டிய?"

"அண்ணா, சட்டைய வுடுங்கண்ணா. பிரிச்சுப் பாத்துடலாம்ணா."

அவன் பிரித்தான். கார்புரேட்டரைக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுத்தபோது விரல் நுனியில் செம்மண் ஒட்டியிருந்தது. அவன் முகம் மாறியது. அடுத்து டப்பாவைக் கழற்றினான். திருப்பினான். அப்படியே நின்றுவிட்டான். நடுவில் ஒன்று, சுற்றி எட்டு. அவன் வீட்டுத் தறியில் அதே மயில்கண் ஓடிக்கொண்டிருந்தது, என் அட்டையில். அவன் மூடியைத் திறந்து ஃபில்டரை உருவிக் காட்டியபோதுதான், ஓட்டைகள் ஃபில்டருக்கு அந்தப் பக்கம், சுத்தப் பக்கத்தில் இருப்பது எனக்கே தெரிந்தது. நாலு மாதமாகத் தூசி வடிகட்டாமல் நேராக இன்ஜினுக்குள் போயிருக்கிறது.

"இது இன்னாது? யாரு போட்டது இத?" என்று மாமா கத்தினார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் தொங்கிய பழைய செயின்களைப் பார்த்தேன்.

"நான் போடலண்ணா" என்றான்.

"நீ போடல. அப்ப யாரு போட்டா? உன் கைலேந்து நேரா என் வூட்டுக்கு வந்த வண்டி. நடுவுல இவன் ஒருத்தன்தான். இன்னா, இவனா போட்டான்?" என்று மாமா என் தோளில் கை வைத்து என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

நான் சிரித்தேன்.

எத்தனையோ செய்திருக்கலாம். ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். பேசாமலாவது நின்றிருக்கலாம். நான் சிரித்தேன், 'நல்லா கேட்டீங்க மாமா' என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. நான் சிரித்ததைப் பார்த்து டீக்கடைப் பக்கமிருந்தும் சிரித்தார்கள். "அவனுக்கு அட்டைல ஓட்டை போடவே நேரமில்ல, பாவம்" என்று ஒருவர் எனக்காகப் பரிந்து பேசினார். அவன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். மாமா, "கேக்காம ஓட்டை போட்ற நாயி, உன்ன நம்பி வண்டி வுட்டேன் பாரு" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, வண்டியை அதே குட்டி யானையில் ஏற்றி வேறு கடைக்கு அனுப்பினார். ஏற்றும்போது பின்பக்கம் பிடித்தது நான்தான்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கேட்காமல் ஓட்டை போடுகிறவன். தறி ஓடும் வீடுகளில் ஒரு பேச்சு நுழைந்தால் ஊடு நூலோடு ஓடும் தறி நாடா மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்திற்குள் அவனுக்கு 'ஓட்டை மெக்கானிக்' என்று பட்டப்பேர் வந்துவிட்டது. அட்டை வாங்க வருகிறவர்களே என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் 'உம்' கொட்டினேன். அந்தப் பட்டப்பேர் எனக்குப் பொருந்துகிற மாதிரி வேறு யாருக்குப் பொருந்தும்? அவன் கடை முன்னால் எப்போதும் நாலைந்து வண்டி நிற்கும். அது இரண்டாகி, ஒன்றாகி, சில நாள் அவன் வெறுமனே ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், முதல் சில வாரம் அந்த வழியாகப் போனேன். அப்புறம் நூல் கடைக்குப் போவதென்றாலும் மூன்று தெரு சுற்றிக்கொண்டு போனேன்.

அவனே வந்து என்னைப் பிடித்து உலுக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வரவில்லை. பங்குனி மாதம் அவன் அப்பா வந்தார். பெரிப்பா என்று கூப்பிடுவேன். புது பார்டருக்கு அட்டை வேண்டும் என்று படத்தை விரித்துக் காட்டினார். பேசி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்பா."

"சொல்லுங்க பெரிப்பா."

"எம் புள்ள கடைய ஓரிக்கை பக்கம் எடுத்துகினு போயிட்றேன்றான். தெருவுல ஒருத்தனும் வண்டி வுட மாட்டேன்றானாம். அவன் கேக்காம ஒண்ணு செய்யிற ஆளாபா? நீ சின்ன வயசுலேந்து பாக்குற, உனக்குத் தெரியாதா? உங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லக்கூடாதா? நீ சொன்னா கேப்பாரு."

அவர் பேசும்போது விரல்கள் அந்தப் படத்தின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தன. நான்தான் அதைச் செய்தேன் என்று அவருக்குத் தெரியாது. வீட்டில்கூட அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரிடமாவது சொல்லியிருக்க வேண்டாமா? "பேசிப் பாக்குறேன் பெரிப்பா" என்றேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட்டார், என்னை.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மாமா, ஏர் பாக்ஸ்ல ஓட்டை போட்டது நான்தான்" என்றேன்.

"இன்னா சொன்ன?"

மறுபடியும் சொன்னேன். ஓங்கி ஒன்று விடுவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் நின்றேன். அவர் அடிக்கவில்லை. சோற்றில் இருந்த கையைத் தட்டிலேயே உதறினார். பிறகு, "அன்னிக்கு வாய்ல கொழுக்கட்டையா வெச்சுகினு இருந்த?" என்றார். "நான் ஊர் பாக்க அவன் சட்டையப் புடிச்சேனேடா. இப்ப நான் போயி அவன் எதிர்ல நிக்கணுமா? வாணாம். ஆனது ஆச்சு. இத வெளிய சொல்லித் தொலைக்காத."

அக்காவும் சேர்ந்துகொண்டாள். "அவரு தெருவுல தலை நிமிர்ந்து நடக்க வாணாமா? உன் வாயிலதான் இத்தினி நாளா ஒண்ணும் வரலியே. அப்டியே இருந்துட்டுப் போ."

எனக்கு அப்போது என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. நான் சொல்லிவிட்டேன், பெரியவர்கள்தான் வேண்டாம் என்கிறார்கள், நான் என்ன செய்ய முடியும் என்று ஒரு கேவலமான நிம்மதி. அந்த நிம்மதியில் ஒரு மாதம் நன்றாகத் தூங்கினேன். பெரிப்பாவுடைய அட்டைகளைக் குத்தி, கோர்த்து, ஒரு ஓட்டைகூடத் தப்பாமல் அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். நானே எடுத்துக்கொண்டு போகவில்லை.

சித்திரையில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டதால் சுற்று வழி போகாமல் தெருமுனை வழியாகவே ஓடி வந்தேன். அவன் கடை இருந்த இடத்தில் பால் டெப்போ போர்டு தொங்கியது. தரையில் மட்டும் ஆயில் கறை இருந்தது. நனைந்தபடி அங்கேயே நின்றேன். உள்ளே இருந்த ஒரு அம்மா, "இன்னாபா, பால் வேணுமா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓரிக்கைக்குப் போனேன்.

விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பாலாற்றுப் பக்கம் திரும்பும் இடத்தில், தகரக் கூரை போட்ட சின்னக் கடை. மூன்று பேர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. அவன் ஒரு ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், வேலையை நிறுத்தவில்லை. நான் அவன் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தேன்.

"டேய்" என்றேன் மெதுவாக. "தப்புப் பண்ணிட்டேன்டா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

நட்டைத் திருகிக்கொண்டே, "நீ சொல்லுவன்னுதான் அன்னிக்கு நின்னுகினு இருந்தேன்" என்றான்.

"மாமாகிட்ட சொல்லிட்டேன்டா."

"எங்க வெச்சு?"

"வூட்டுல வெச்சு."

"வேற யாரு இருந்தாங்க?"

"அக்கா."

அவன் நட்டைக் கழற்றித் தட்டில் போட்டான். அடுத்த நட்டுக்குப் போனான். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டான். எழுந்து நின்றேன். காத்திருந்த மூன்று பேரையும் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"இந்தக் கடைக்காரரு மேல எந்தத் தப்பும் இல்லங்க. எங்க மாமா வண்டில அவரைக் கேக்காம ஓட்டை போட்டது நான்தான். இவரு வேணாம்னு சொன்னாரு. நான்தான் போட்டேன். பழிய இவரு மேல போட்டப்ப பாத்துகினு சிரிச்சேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேட்டி கட்டியிருந்தவர், "இன்னாத்துக்குபா இத எங்களாண்ட சொல்ற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர்களுக்கு எந்த வண்டி, எந்த ஓட்டை, எந்தப் பழி என்று ஒன்றும் தெரியாது. ஓட்டை மெக்கானிக் என்ற பேச்சே அந்தப் பக்கம் வரவில்லை. அது எங்கள் தெருவில்தான் இருந்தது, நான் சொல்ல வேண்டிய ஏழெட்டுப் பேரும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இது தெரிந்துதான் இங்கே இவ்வளவு தைரியமாகப் பேசினேனோ என்று எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

வேட்டிக்காரர் அவன் பக்கம் திரும்பினார். "யாருபா இவரு? உனக்கு வேண்டியவரா?"

அவன் அப்போதுதான் நிமிர்ந்தான். புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இல்லண்ணா, கஸ்டமர்" என்றான்.

பிறகு என்னைப் பார்த்து, "வண்டி எதுனா வுடணுங்களா?" என்று கேட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து பழகியவன் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.